பெத்லகேமில் நின்றுபோன ரயில்

பெத்லகேமில் ரயில் ஓடியதில்லை என்பது நமக்கு அப்போதும் தெரியும். தெரிந்தேதான் விட்டோம். அறுபதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்கள் இதற்காக என்னோடு சண்டைக்கு வரமாட்டீர்கள். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில்களில் எதுதான் இல்லை? மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. ஒட்டகத்துக்குப் பின்னால் டவுன் பஸ் நின்றது. எங்கள் குடிலில் இடையனின் ஆடுகளை ஒரு ராஜபாளையம் நாய் காவல் காத்தது. களிமண்ணில் செய்து வெள்ளையடித்த நாய், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. மலையில் வெள்ளிக் காகிதத்தில் அய்யனார் கோவில் அருவி விழுந்தது. பனிக்கு, மில்லில் தள்ளிய கழிவுப் பஞ்சு.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா இருந்தார். நவராத்திரி முடிந்து பரணில் ஏற்றிய கொலு பொம்மைகளை டிசம்பரில் எங்களுக்காக ஒருதரம் இறக்குவார். அதனால் மூன்று ராஜாக்களுக்கு எதிரே செட்டியாரும் செட்டிச்சியும் பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏமம்மா, உங்க தேவுடு பொறந்த ஊர்ல கடை கண்ணி வேணாமா?" என்று அம்மாவிடம் கேட்பார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நான் சொல்ல வருவது எழுபதுகளில் ஒரு டிசம்பர். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதிமூன்று. ராஜபாளையத்தில் வீடு. அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. தொழிற்சங்கக் கமிட்டியிலும் இருந்தார். அதற்கு முந்தின வருஷம் அவருடைய பகுதியில் குடிதண்ணீர் வைக்கச் சொல்லி, அரைநாள் எல்லோரும் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கறிக்குழம்போடு எங்களுக்கு அந்தக் கதையும் பரிமாறப்பட்டது.

"கோரிக்கை ஒண்ணா இருக்கணும். ரெண்டு கேட்டா ரெண்டும் போயிரும்," என்பார் எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டே. "மெஷின்ல கை வைக்கக் கூடாது. அது நம்ம சோறு. பேச வாரது சின்ன ஆளுன்னா வாயத் தொறக்கவே கூடாது. எழுதி வாங்காம எந்திரிக்கக் கூடாது."

அண்ணன் குழம்பில் உருளைக்கிழங்கு தேடிக்கொண்டிருப்பான். நான் எலும்பை எண்ணிக்கொண்டிருப்பேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த வருஷம், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். அட்டைப்பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள். சிவப்பு, வெள்ளை, நீலம். ஒவ்வொன்றின் தலையிலும் எட்டுக் குமிழ், அடியில் பள்ளம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று கவ்விக்கொள்ளும். பிரிக்கப் பல்லால் கடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டைகள் எல்லாவற்றிலும் பல் தடம் இருந்தது. பெட்டிக்குள் மூக்கை விட்டால் புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும். மூடியில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் ஏதோ எழுதி, ஒரு வெள்ளைக்காரப் பையன் பாலம் கட்டுகிற படம் போட்டிருந்தது. படத்தில் பையன் இருந்ததால் பெட்டி அண்ணனுக்கு என்று முடிவானது. சித்தப்பாவின் கடிதம் பல வருஷம் கழித்து என் கைக்கு வந்தது. அதில் 'பிள்ளைகளுக்கு' என்றுதான் இருக்கிறது.

அண்ணன் முதல்நாள் ஒரு சுவர் கட்டினான். இரண்டாம் நாள் அதைவிட உயரமாக ஒரு சுவர் கட்டினான். மூன்றாம் நாள் கட்டைகளைக் கவண்வில்லில் வைத்து ஓணானைக் குறிபார்த்தான். ஓணானுக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணனுக்கு அலுத்துவிட்டது. அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

அவளுக்கு ரயில்தான் கட்ட வேண்டும். எங்கள் தெருக் கடைசியில் லெவல் கிராசிங். மீட்டர் கேஜ் ஒற்றைத் தண்டவாளம், கரி எஞ்சின். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய் வெயிலில் நின்ற நாட்களில் பாதிக்கு அந்தக் கேட்தான் காரணம். கேட் மூடவில்லையென்றாலும் மூடட்டும் என்று நிற்பாள். ரயில் போனபிறகு மற்றவர்கள் தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். அவள் போன ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒரே ஒருதரம் எஞ்சின்ல ஏறி நிக்கணும்ட்டி," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஏறி எங்க போவ?"

"எங்கயும் போகல. உள்ள என்ன நடக்குன்னு பாக்கணும்."

டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிவில் பங்குச் சாமியார் குடில் போட்டியை அறிவித்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே போட்டி. சபைக்குள் யாரை நடுவராகப் போட்டாலும் அடுத்த ஞாயிறு பாதிப்பேர் பூசைக்கு வருவதில்லை என்ற அனுபவத்தால், இந்தமுறை வெளியாள் ஒருவரைக் கேட்டிருந்தார். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர். நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டவர். அவர் தன் பங்குக்கு ஒரு தனிப்பரிசும் சொல்லியிருந்தார். குடிலில் அசைகிற பொருள் எதுவோ அதில் சிறந்ததைச் செய்த பிள்ளையை, மேலிடத்தில் அனுமதி வாங்கி, எஞ்சினில் ஏற்றி, இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அனுப்பிவைப்பார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். நகத்தடம் மறைய இரண்டு நாள் ஆனது.

கட்டைகளை வைத்து எஞ்சின் உருவத்தை ஒரே சாயங்காலத்தில் கட்டிவிட்டாள். புகைபோக்கிக்கு, மில்லில் நூல் சுற்றுகிற காகிதக் கூம்பின் நுனி. அதில் ஒரு துளி கழிவுப் பஞ்சைச் செருகினாள், அதுதான் புகை. ஓட வைப்பதுதான் பாடு. பெட்டியில் இருந்த சக்கரங்கள் ரப்பர் போட்ட கார்ச் சக்கரங்கள். உருளும், தானாக உருளாது.

அண்ணனிடம் ஒரு தகரக் கார் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கடையில் வாங்கியது, சாவி கொடுத்தால் ஓடுவது. வாங்கிய மூன்றாம் மணிநேரத்தில் ஒரு மாட்டுவண்டி அதன்மேல் ஏறியது. மேல்தகரம் அப்பளமாகிவிட்டது, உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரமும் பின்னச்சும் பிழைத்துக்கொண்டன. அக்கா தகரத்தைப் பிரித்து அந்த இயந்திரத்தை மட்டும் எடுத்தாள். கட்டைத் தளத்தில் இடைவெளி விட்டு, அதில் இறக்கி, சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டினாள். சாவி வெளியே வர ஒரு நீலக் கட்டையில் சுடுகம்பியால் துளை போட்டாள். பிளாஸ்டிக் எரிந்த நாற்றத்துக்கு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். தன் கட்டையில் துளை போட்டதற்கு அண்ணன் அழுதான். ஒரு முறுக்கில் சமாதானமானான்.

முதல் ஓட்டத்தில் ரயில் நேராகப் போய்த் தண்ணீர்க் குடத்தில் மோதியது. தண்டவாளம் வேண்டும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்கு அப்பா மூங்கில் சீவி வைத்திருந்தார். மெல்லிய பிளாச்சுகள், வளைத்தால் வளையும். அவற்றில் சிலவற்றை எடுத்துப் பலகையில் ஒரு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமுமாக அடித்தாள். இரண்டு வேலிகளுக்கு நடுவே ஆடு போவதுபோல, ரயில் நடுச்சந்தில் போகும். அந்த வருஷம் எங்கள் வாசலில் நான்கு முனை நட்சத்திரம்தான் தொங்கியது. கேட்டவர்களிடம் அப்பா இதுதான் பழைய முறை என்று சொன்னார்.

இப்போது ரயில் சந்தில் போனது. ஆனால் வெறிபிடித்த மாதிரி போனது. வளைவில் எகிறி, செட்டியார் கடையில் விழுந்து, செட்டிச்சியின் மூக்கு நுனி போயிற்று. அதை அரிசிமாவால் ஒட்டியது வேறு கதை. அக்கா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் கட்டி, அப்பா கொண்டுவந்து போட்டிருந்த பழைய மில் நட்டுகளை அவற்றில் நிரப்பினாள்.

"பாரம் ஏத்துனா நிதானம் வந்துரும்," என்றாள்.

வந்தது. சாவியைப் பதினொரு முறை திருகினால் ரயில் ஒன்றேகால் சுற்று ஓடும். பன்னிரண்டாவது திருகில் சுருள்வில்லிலிருந்து ஒரு முனகல் கேட்கும். அந்த முனகலுக்கு முன்னால் நிறுத்த அக்காவின் விரலுக்குத்தான் தெரியும்.

ஒன்றேகால் சுற்றுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? அதற்கும் வழி கண்டாள். முன்னறையின் மூலையில் இரண்டு பெஞ்சுகளின்மேல் குடில். பின்னால் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, கரி பூசி எழுப்பிய மலை. மலைக்குள் ஒரு குகை. ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். மலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை குந்துகிற அளவு இடம். அங்கே உட்கார்ந்து, உள்ளே வருகிற ரயிலைப் பிடித்து, சாவி கொடுத்து, மறுபடி விட்டால், முன்னால் நிற்பவருக்கு அது ஓயாமல் ஓடுகிற ரயில். ரயில் குகைக்குள் நுழையும்போது 'கூ' என்று சத்தம் கொடுப்பது என் வேலை. தீப்பெட்டியில் இரண்டு பெயர்ப்பலகைகள்கூட வைத்தோம். தொழுவத்துக்கு இந்தப் பக்கம் ராஜபாளையம், அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்.

படிவம் வந்தது. 'அசையும் பொருளைச் செய்தவர்' என்று ஒரு வரி. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணன் பெயரை எழுதினார். குடிலில் வைக்கிற அட்டையிலும் அதே பெயரை, பெரிய எழுத்தில்.

"அப்பா, நாந்தான செஞ்சேன்?" என்றாள் அக்கா.

"யாரு இல்லன்னா? ஆனா பரிசு எஞ்சின்ல ஏறுறதுல்லா. பொம்பளப்பிள்ள எஞ்சின்ல ஏற முடியுமாட்டி? தம்பி போயிட்டு வரட்டும். வந்து ஒங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவான்."

"அவனுக்கு என்ன தெரியும் சொல்ல?"

"கட்டை அவனுது. கார் அவனுது. நீ கூடமாட ஒத்தாசை. ஒரே வீட்டுக்குள்ள என்ன கணக்கு?"

கமிட்டியில் மற்றவனுடைய உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட மேஸ்திரிகளைப் பற்றி அவர் பேசிய பேச்சு தெருவே அறியும். வீட்டுக்குள் அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை. படிவத்தில் ஒரு வரி இருந்தது, வீட்டில் ஒரு பையன் இருந்தான், எழுதிவிட்டார்.

இதில் அண்ணனின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மில் சங்கு ஊதினால் காதைப் பொத்துகிறவன் அவன். எஞ்சின் நெருப்பு, நீராவி, அதன் கூச்சல் எல்லாவற்றையும் நினைத்து ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவன் எனக்குச் சொன்னது போன வருஷம்தான்.

நடுவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மாலை நாலரை மணிக்கு. தெருவில் பாதி கூடவே வந்தது. அக்கா மலைக்குப் பின்னால் போய் அரைமணி ஆகியிருந்தது. சீரியல் பல்பு எரிந்தது. ஊதுவத்தி புகைந்தது. சாமியார் அங்கியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் பலகை மட்டத்துக்குக் குனிந்து, பெத்லகேமைத் தண்டவாளத்திலிருந்து பார்த்தார்.

"ஹோம் சிக்னல் எங்க?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "செட்டியார் கடைக்குப் பின்னால இருக்கு சார்."

"தெரியலியே?"

"மறைக்குது சார்."

ரயில் வந்தது. வெள்ளை நாயைத் தாண்டி, ஒட்டகத்தின் காலை உரசுகிற மாதிரிப் போய், குகைக்குள் நுழைந்தது. நான் 'கூ' என்றேன். உள்ளே பதினைந்து எண்ணுகிற நேரம் நின்றது.

"ஏன் நிக்குது?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"க்ராசிங் சார்," என்றான் அண்ணன். எதிர்வண்டிக்கு வழிவிட்டு ரயில் நிற்பதைப் பார்த்தே ஒற்றைத் தண்டவாள ஊரில் வளர்ந்தவனுக்கு அது யோசிக்காமலே வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ரயில் மறுபக்கம் வந்தது. இரண்டாவது சுற்றும் பழுதில்லாமல் போயிற்று.

"வேகத்தை எப்படிடா கொறச்ச?"

"பாரம் ஏத்துனேன் சார்." அக்கா மனப்பாடம் செய்துவைத்தது.

"எம்புட்டு?"

இது மனப்பாடத்தில் இல்லை. "போதுமான அம்புட்டு சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்து அவன் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரப் பய. எஞ்சின்ல ஒனக்கு எடம் வச்சாச்சு, போ."

அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் ரயில் மூன்றாவது முறையாகக் குகைக்குள் நுழைந்தது. நான் 'கூ' என்றேன். பதினைந்து எண்ணினேன். முப்பது எண்ணினேன். ரயில் வரவில்லை.

"க்ராசிங்," என்றான் அண்ணன்.

"எந்த வண்டிக்கு?"

"தென்காசி பாசஞ்சர் சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டா வருது போல." சும்மா சொன்னாரா, நிஜமாகவே கணக்குப் பார்த்தாரா தெரியாது. காத்திருந்தார். நான் இன்னொரு தரம் 'கூ' என்றேன். யாரோ சிரித்தார்கள்.

அப்பா கண்ணைக் காட்ட, அண்ணன் மலைக்குப் பின்னால் தலையை நீட்டினான். "எக்கா, விடு," என்று கிசுகிசுத்தான். பதில் இல்லை. திரும்பிவந்து உதட்டைப் பிதுக்கினான். அம்மா காப்பித் தட்டை வைத்துவிட்டுப் போனார். "ஏட்டி, மானத்த வாங்காத, செத்த நேரம் ஓட்டிரு, பொறவு ஒனக்கு மட்டும் தனியா முந்திரிக்கொத்து தாரேன்." பதில் இல்லை. முந்திரிக்கொத்துக்கும் அசையாததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

கடைசியில் அப்பாவே போனார். நான் மலையோரம் நின்றதால் எல்லாம் கேட்டது.

"ஸ்பிரிங் அத்துப் போச்சா?"

"இல்ல."

"சாவி?"

"கையில இருக்கு."

"பெறவு என்ன?"

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லப்பா. நாந்தான் நிறுத்தியிருக்கேன். ஒரு கோரிக்கை."

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்போது வந்தது கோபம் இல்லை. தொலைந்துபோன தன் பெட்டியை அடுத்த வீட்டில் பார்த்துவிட்ட ஆளுடைய முகம் அது. குரலைத் தணித்து, முந்தின வருஷம் மில் மேனேஜர் தன்னிடம் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"இப்ப வேலையப் பாரு. பொறவு பேசிக்கிடலாம்."

"பொறவுன்னா எப்ப?" என்றது மலை. அது அவர் மேனேஜருக்குச் சொன்ன பதில். ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறோம்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார். "உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார்," என்றான் அண்ணன்.

"நான்தான் சார்," என்றாள் அக்கா.

சாமியார் ஒரு அடி பின்வாங்கினார். மலை கெட்டி என்று நம்பியிருந்தார் அவர். ஸ்டேஷன் மாஸ்டரோ மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரயில்வேக்காரர், நின்றுபோன வண்டிகளை நிறையப் பார்த்திருப்பார்.

"எஞ்சின் நல்லாருக்கு, ஆளு நின்னுக்கிட்டா," என்றார் அப்பாவிடம். "என்ன கேக்குதுன்னு கேளுங்க. நமக்கு இன்னும் நாலு வீடு பாக்கணும்."

"என்னட்டி கேக்க?"

"அட்டையில எம்பேரு இருக்கணும். நான் செஞ்சதுக்கு எம்பேரு. அம்புட்டுதான்."

"பெறவு?"

"வேற இல்ல. கோரிக்கை ஒண்ணுதான்."

வாசலில் நின்ற கூட்டத்தில் அப்பாவோடு சங்கத்தில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். "நியாயமான கோரிக்கையாத்தான் தெரியுது அண்ணாச்சி." எதிர்வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சீரியல் பல்பைப் பார்த்தார், அது அணைந்து எரிகிற வரைக்கும்.

"சரி. ஒம்பேருதான். விடு வண்டிய."

"எழுதிக் குடுங்க."

அப்பா பேனாவைத் தேடுவதற்குள் அண்ணன் அட்டையும் பென்சிலுமாக அவர் எதிரே நின்றான். அவ்வளவு சுறுசுறுப்பாக அவனை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தன் பெயரை அவனே அடித்துவிட்டிருந்தான். அப்பா அக்காவின் பெயரை எழுதினார். அண்ணன் அதைக் குகைக்குள் நீட்டினான்.

பதினொரு திருகல். நான் எண்ணினேன். ரயில் மலையைவிட்டு வெளியே வந்தது. கடைசிப் பெட்டியில் நட்டுகளுக்கு நடுவே அட்டை செருகியிருந்தது. அக்காவின் பெயர் நாயையும் ஒட்டகத்தையும் மூன்று ராஜாக்களையும் கடந்து வந்து, ஸ்டேஷன் மாஸ்டரின் மூக்குக்கு நேராகப் போயிற்று. கூட்டம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார், ஒரு விநாடி பிந்தி.

சாமியார் மட்டும் தட்டவில்லை. தொழுவத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி," என்றார். "பாலன் எங்க?"

மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், மாடு இருந்தது. வைக்கோல் காலியாக இருந்தது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்து வைக்க வேண்டிய குழந்தை இயேசு, ரயில் பரபரப்பில், முந்தின வருஷம் துணியில் சுற்றி வைத்தபடி அரிசி டின்னுக்குள்ளேயே கிடந்தார். அம்மா 'ஐயோ சேசுவே' என்று அடுப்படிக்கு ஓடினார். குடிலுக்கான முதல் பரிசு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போயிற்று. அங்கே ரயிலும் இல்லை, நாயும் இல்லை, குழந்தை இருந்தது.

தனிப்பரிசு எங்களுக்குத்தான். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் சொல்லும்போது மோவாயைத் தடவினார். "பொண்ணுன்னு தெரியாமப் போச்சே. பாவாடை தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? இந்தப் பிள்ளைக்கு ஒரு பேனா தந்துருவோம். பையன எஞ்சின்ல ஏத்துவோம்."

அண்ணன் சுவரோடு ஒட்டினான்.

படிவம் எழுதிய அன்று அப்பா சொன்ன அதே சொல்தான். அதைவிட நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டதும்கூட. அப்பா அதை ஏற்றுக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது முடியாது சார்," என்றார் அப்பா. "பேசி முடிச்சாச்சு. எழுத்துல இருக்கு."

"நீங்கதானய்யா பையன் பேர எழுதினீங்க?"

"அது பழைய ஒப்பந்தம். இப்ப உள்ளது புதுசு. பாவாடைதான் தடைன்னா கால்சட்டை போட்டு அனுப்புதேன். அவளுக்கு எழுதினத மாத்தினா நாளைக்கு மில்லுல எவன் முகத்துல நான் முழிக்க?"

முகத்தில் முழிப்பதற்காகவா, அக்காவுக்காகவா என்று அப்போது புரியவில்லை. இப்போது யோசித்தால், அவருக்கே தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது.

அனுமதி வரப் பொங்கல் கழிந்தது. அதற்குள் அப்பா ஸ்டேஷனுக்கு ஐந்துதரம் போய் விண்ணப்பம் என்னாயிற்று என்று கேட்டார். புறப்படுகிற நாளில் அக்கா அண்ணனின் கால்சட்டையும் அப்பாவின் முழுக்கைச் சட்டையும் போட்டு, பின்னலைத் தலைப்பாகைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் நடுவில் ஏறினாள். நானும் அண்ணனும் மூன்றாவது பெட்டியில். அப்பா எஞ்சினை ஒட்டிய முதல் பெட்டியில் ஏறினார், உட்காரவில்லை. ஒப்பந்தம் நிறைவேறுகிறதா என்று பார்க்க, வாசல் கம்பியைப் பிடித்து முழுத் தலையையும் வெளியே நீட்டிக்கொண்டே வந்தார்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அக்கா பிற்பாடு ரயில்வேயில் சேரவில்லை. இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். கட்டைகளில் இப்போது எனக்குத் தெரிந்து ஒன்றுதான் மிச்சம். அண்ணன் வீட்டில் கிரைண்டர் ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா இறங்கியபோது பல்லும் கண்ணும் மட்டும்தான் அவளுடையவை, மற்றதெல்லாம் கரி. அப்பா வெள்ளைச் சட்டை சாம்பலாக, இடதுகண் செக்கச்சிவந்து வீங்கி, நீர் வழிய இறங்கினார். கரித்தூள் கண்ணில் விழுந்திருந்தது. அதைத் துடைக்காமல், பெட்டி தூக்க வந்த போர்ட்டரிடம் சொன்னார்.

"எம் மக. இவதான் ஓட்டிட்டு வந்தா."

"நான் ஓட்டலப்பா," என்றாள் அக்கா. "ஓரத்துல நின்னேன். எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாவ."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. டிக்கெட் வாங்குகிறவரிடமும் சொன்னார். அக்கா மறுத்தாள். ஜட்கா வண்டிக்காரரிடம் சொன்னார், அங்கேயும் மறுத்தாள். கோபுரத்துக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பேரிடம் ஒரே மூச்சில் சொன்னார். அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பால்கோவாக் கடையில் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு, அப்பாவை விட்டு நேராக அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நெசமாவாத்தா? நீயா ஓட்டுன?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணால் அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச தூரம்," என்றாள்.